அக்கா பார்த்த 1908ஆம் வருஷத்து வீடு

அக்காவும் மாமாவும் ஆஸ்திரேலியாவில் டாம்வொர்த் என்கிற ஊரில் இருக்கிறார்கள். சிட்னியிலிருந்து காரில் 400 கிலோமீட்டருக்கு மேல். மாமா அங்கே டாக்டர். பதினோரு வருஷமாக வாடகை வீடு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"டேய், ஒரு பழைய வீடு ஏலத்துக்கு வருது. 1908ல கட்டினது. நீ சிவில் இன்ஜினியர்தானே, போட்டோ பார்த்துச் சொல்லு."

படங்கள் வந்தன. சிவப்புச் செங்கல் சுவர், செங்கல் இணைப்புகளின் மேல் நூல் பிடித்தது போல மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் சுற்றி வரும் வராந்தா, கடைந்த மரத்தூண்கள். முகப்பு முக்கோணத்தில் மரத்தில் செய்த உதயசூரியன். உள்ளே நீளமான நடை, அச்சடித்த தகட்டில் பூவேலை செய்த கூரை. ஜன்னல் வண்ணக் கண்ணாடியில் அந்த ஊர் வாராட்டா பூ.

அங்கே இதை ஃபெடரேஷன் வீடு என்பார்கள். 1901 ஜனவரி 1ஆம் தேதி ஆறு காலனிகள் ஒன்றாகி ஆஸ்திரேலியா ஒரே நாடானது. சிட்னி சென்டினியல் பார்க்கில் விழா. எட்மண்ட் பார்ட்டன் முதல் பிரதமர். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, சுமார் 1890 முதல் 1915 வரை, கட்டிய வீடுகள் இவை. கட்டியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. கலை வரலாற்றாசிரியர் பெர்னார்ட் ஸ்மித் 1969இல்தான் அப்படி அழைத்தார். இங்கிலாந்து பாணியில் கட்டி, ரோஜாவுக்குப் பதில் வாராட்டாவை வைத்ததில்தான் புது நாட்டின் பெருமை இருந்தது.

என்னை நிறுத்தியது கூரை. பின்கட்டில் அடுக்கியிருந்த உபரி ஓடு ஒன்றைத் திருப்பி அக்கா படம் எடுத்திருந்தாள். தேனீ முத்திரை, மார்சேய் என்று எழுத்து. பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த ஓடு. வுண்டர்லிக் கம்பெனி 1892 முதல் சிட்னியில் இறக்கியது. முதல் உலகப் போரில் கப்பல் நின்றதும் உள்ளூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

நான் வேலை பார்ப்பது மங்களூரில். ஒன்றோடொன்று கவ்வும் அதே பிரெஞ்சு மாதிரி ஓட்டைத்தான் இங்கே ஜெப்புவில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். நமக்கு அது மங்களூர் ஓடு. கும்பகோணம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டிலும் அதுதான்.

அடுத்த போனில் அக்கா குரல் மாறியிருந்தது. அவள் பெண் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கிறாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "அம்மா, இதைக் கட்டினப்போ நம்மளை இந்த ஊருக்குள்ள விட்டிருப்பாங்களா?"

விட்டிருக்க மாட்டார்கள். புது நாடாளுமன்றம் முதல் வருஷமே, 1901 டிசம்பரில், குடியேற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நிறம் என்ற சொல் சட்டத்தில் கிடையாது. அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்கள் படிப்பார், கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அவர் இஷ்டம். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு வேறொரு மொழியில் வைத்துத் திருப்பி அனுப்பலாம். நாமும் அதே ராஜாவின் பிரஜைகள்தான், பிரயோஜனமில்லை. தேர்வு 1958இல் போனது. 1966இல் படித்தவர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. 1973இல்தான் நிறம் பார்ப்பது முழுக்க நின்றது.

அந்த மண்ணுக்கே உரிய கமிலராய் மக்களின் நிலை இன்னும் மோசம். நாட்டின் மக்கள்தொகையில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1967 வாக்கெடுப்பில்தான் அந்த வரி நீங்கியது.

"அப்படிப்பட்ட வீடு நமக்கு எதுக்குடா?" என்றாள் அக்கா.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தாத்தா வீடு ஞாபகம் வந்தது. 1998இல் விற்றோம். வாங்கியவர் மூன்றே மாதத்தில் இடித்துவிட்டு வரிசையாகக் கடை கட்டினார். பத்திரத்தில் அக்காவும் கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். தடுக்க ஒரு சட்டமும் இல்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. டாம்வொர்த் வீடோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பது. வெளித்தோற்றத்தை மாற்ற நகர மன்றத்தின் அனுமதி வேண்டும்.

"அந்தச் சட்டம் போயிடுச்சு, வீடு இருக்கு. பாப்பா அந்த வராந்தாவுல உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கட்டுமே" என்றேன்.

பிறகு இன்ஜினியராகச் சொன்னது: கரையான் சோதனை இல்லாமல் ஏலத்தில் கை தூக்காதே. பழைய வயரிங்கை முழுசாக மாற்று. மரத்தளத்துக்கு அடியில் காற்று போகும் துவாரங்களை மண் மூடியிருந்தால் முதலில் அதைத் திற. அடிச்சுவரில் ஈரம் இருந்தால் மேலே சிமெண்ட் பூசாதே. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

போன சனிக்கிழமை ஏலம். சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "கையெழுத்துப் போட்டாச்சு. ஓட்டுல கை வைக்க மாட்டேன்."