இரட்டைப் பாதையில் மூவகை ரயில்கள்

அதிவேக ரயில் என்றாலே தனிப்பாதை என்ற எண்ணம் ஜப்பானிலிருந்து வந்தது. 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கியபோது அதற்கென்றே புதிய தண்டவாளம் போட்டார்கள். பழைய பாதை குறுகிய கேஜ், புதியது அகலமானது; ஒன்றின் மேல் மற்றொன்று ஓட வழியே இல்லை. 1981இல் பிரான்சு வேறு விதமாகச் செய்தது. ஊருக்கு வெளியே புதிய பாதை, பாரிஸ் நெருங்கியதும் பழைய பாதை. நகரத்துக்குள் இடித்துத் தள்ளி இடம் தேடாமல், இருக்கிற பாதையையே பகிர்ந்துகொண்டார்கள். கலிஃபோர்னியாவும் கடைசியில் இந்த இரண்டாவது வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. வழக்காடி, சண்டையிட்டு, கையில் பணமும் குறைந்த பிறகு வந்தது. அங்கே ‘கலப்புத் திட்டம்’ என்று அழைக்கப்படும் ஏற்பாடு அப்படிப் பிறந்தது.

இடம், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சான் ஹோசே வரை போகும் சுமார் 80 கிலோமீட்டர் இருப்புப்பாதை. 1863இல் முதல் பகுதியில் ரயில் ஓடியது. 1864 ஜனவரியில் சான் ஹோசேயைத் தொட்டது. பிறகு சதர்ன் பசிபிக் கம்பெனியின் கைக்குப் போனது. கார்கள் பெருகப் பெருகப் பயணிகள் குறைந்தார்கள். 1977இல் அந்தக் கம்பெனி, பயணிகள் ரயிலையே நிறுத்திவிட அனுமதி கேட்டது. 1980இல் மாநில அரசு நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு ரயிலைக் காப்பாற்றியது. 1991இல் மூன்று கவுண்டிகளின் கூட்டு வாரியம் பாதையையே விலைக்கு வாங்கியது. கால்ட்ரெயின் என்ற புறநகர் ரயில் அதில் ஓடுகிறது. சரக்கு ரயில் ஓட்டும் உரிமை மட்டும் ரயில் கம்பெனியிடமே தங்கிவிட்டது. ஆக, அதிவேக ரயில் பேச்சுக்கு வரும் முன்பே இந்தப் பாதையில் இரண்டு வகை ரயில்கள் இருந்தன.

2008 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் 995 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்து அதிவேக ரயிலுக்குச் சம்மதம் தந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 2 மணி 40 நிமிடம், சான் ஹோசேக்கு 30 நிமிடம் என்று நேரத்தையும் அந்தச் சட்டமே எழுதிவைத்தது. அந்த அரை மணி நேரக் கணக்குக்குப் பொறியாளர்கள் கண்ட வழி நான்கு தண்டவாளப் பாதைகள்: நடுவில் அதிவேக ரயில், ஓரங்களில் புறநகர் ரயில். கிராசிங்குகளே கூடாது, எனவே ஊர் நடுவே சில இடங்களில் தூண்களின் மேல் பாலம், சில இடங்களில் மண்மேடு, சில இடங்களில் பள்ளம்.

பொறியியல் கணக்கில் இதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையின் இருபுறமும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆதர்ட்டன், மென்லோ பார்க், பாலோ ஆல்டோ, பர்லிங்கேம் என்று வரிசையாகச் சிற்றூர்கள். பல இடங்களில் வீட்டுக் கொல்லை வேலிக்கு அடுத்தது தண்டவாளம்தான். பாலோ ஆல்டோவின் எல்லையில், சான் ஃபிரான்சிஸ்கீட்டோ ஓடைக் கரையில், ரயில் பாலத்தை ஒட்டி ஆயிரம் வயது கடந்த ரெட்வுட் மரம் ஒன்று நிற்கிறது. ‘எல் பாலோ ஆல்டோ’ என்பது அதன் பெயர். ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்த மரம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முத்திரையில் இருப்பதும் அதுதான். நீராவி எஞ்சின்களின் கரிப்புகையைப் பல்லாண்டுகள் குடித்து, மெலிந்து, பராமரிப்பால் பிழைத்த மரம். பாதைக்கும் அதற்கும் இடையே கையளவு இடம்தான். அங்கே இன்னும் இரண்டு தண்டவாளப் பாதைகள் எங்கே போகும்?

எதிர்ப்பைப் பணக்காரர்களின் சுயநலம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆதர்ட்டன் அமெரிக்காவின் மிகப் பணக்கார ஊர்களில் ஒன்று என்பதும் உண்மைதான். ஆனாலும் எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தினமும் ஏறி இறங்கும் ரயில் டீசலில் புகைவிட்டுக்கொண்டு ஓடும்போது, எப்போதோ வரப்போகும் ரயிலுக்காக ஊரைப் பிளப்பது எதற்கு? ஆதர்ட்டனும் மென்லோ பார்க்கும் நீதிமன்றம் போயின. 2009இல் சுற்றுச்சூழல் அறிக்கையின் சில பகுதிகள் போதாது என்று தீர்ப்பு வந்தது. 2008இல் திட்டத்தை ஆதரித்த பாலோ ஆல்டோ நகரமன்றம் 2010இல் அதன்மேல் நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டது.

இதே நேரத்தில் கால்ட்ரெயினின் பணப்பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. நிலையான வரி வருமானம் இல்லாத அந்த ரயில், 2011 தொடக்கத்தில் கிட்டத்தட்டப் பாதி ரயில்களைக் குறைக்கலாமா, சில நிலையங்களை மூடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தது. மின்மயமாக்கும் ஆசை பல ஆண்டுகளாக இருந்தது, பணம் இல்லை. அதிவேக ரயிலிடம் பணம் இருந்தது, ஊருக்குள் நுழைய வழி இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் மூன்று அரசியல்வாதிகள். 2011 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர் அன்னா எஷூ, மாநில செனட்டர் ஜோ சிமிட்டியன், சட்டமன்ற உறுப்பினர் ரிச் கார்டன் மூவரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தூண்பாலம் வேண்டாம், இருக்கும் ரயில்வே நிலத்துக்குள்ளேயே முடியுங்கள், கால்ட்ரெயினை நவீனமாக்கி, அதே தண்டவாளத்தில் அதிவேக ரயிலையும் விடுங்கள். சாரம் இவ்வளவுதான். அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மொத்தத் திட்டச் செலவு 9,800 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கு வந்தபோது தயக்கம் போய்விட்டது. 2012 ஏப்ரலில் திருத்திய திட்டத்தில் செலவு சுமார் 6,800 கோடியாக இறங்கியது. நகரங்களில் பழைய பாதையைப் பகிர்வது என்ற முடிவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே ஆண்டு ஜூலையில் மாநிலச் சட்டம் அதை உறுதி செய்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது: கலப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒன்பது அமைப்புகளும் ஒப்பினாலொழிய இரட்டைப் பாதையை மீறக் கூடாது.

பிறகும் நிம்மதி இல்லை. மின்கம்பங்களுக்காக மரங்கள் வெட்டப்படும் என்று ஆதர்ட்டன் மறுபடி வழக்குப் போட்டுத் தோற்றது. 2017 பிப்ரவரியில் வாஷிங்டன் மின்மயமாக்கலுக்கான 64.7 கோடி டாலர் மானியத்தை நிறுத்திவைத்தது. மே மாதம் விடுவித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குள் நூறாண்டு கடந்த நான்கு சுரங்கங்களின் கூரையைச் செதுக்கித்தான் 25,000 வோல்ட் கம்பியை இழுக்க முடிந்தது. மின்மயமாக்கும் செலவு 198 கோடி டாலரில் தொடங்கி 244 கோடியில் நின்றது. 2024 ஆகஸ்டில் முதல் மின்ரயில் பயணிகளோடு கிளம்பியது. செப்டம்பரில் கால்ட்ரெயினின் டீசல் ரயில்கள் அந்தப் பாதையிலிருந்து விலகின.

பகிர்வது என்று முடிவெடுத்தால் எவ்வளவு சின்ன விஷயம்கூடச் சிக்கலாகும் என்பதற்குக் கதவு ஒன்றே போதும். கால்ட்ரெயின் பிளாட்ஃபாரம் தண்டவாளத்துக்கு மேல் சுமார் 8 அங்குலம். அதிவேக ரயிலின் தரையோ சுமார் 4 அடி உயரம். ஒரே பிளாட்ஃபாரத்தில் இரண்டும் நிற்க வேண்டுமானால் என்ன செய்வது? ஸ்டாட்லர் கம்பெனி யூட்டாவில் கட்டிய புதிய இரட்டைத்தள ரயிலில் இதற்கு ஒரு விடை வைத்தார்கள். இன்றைய பிளாட்ஃபாரத்துக்குத் தாழ்வான கதவு. நாளைய உயரமான பிளாட்ஃபாரத்துக்காக மேலே இன்னொரு கதவுக்கு இடம். மேல் கதவுக்கான இடம் இப்போது அடைத்து மூடப்பட்டிருக்கிறது. இதைவிடத் தொலைநோக்கான வேலை இந்தத் திட்டம் முழுவதிலும் இல்லை என்பேன்.

மலிவான வழிக்கு விலை உண்டு. இரண்டே பாதையில் வேகமான ரயில், ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் ரயிலின் பின்னால் மாட்டிக்கொள்ளும். முந்திச் செல்ல ஆங்காங்கே நான்கு பாதைகள் தேவை. 2004இல் விரைவு ரயில்களுக்காகப் போட்ட அத்தகைய பகுதிகள் இரண்டு இருக்கின்றன. சான் மட்டேயோவுக்கும் ரெட்வுட் சிட்டிக்கும் இடையே புதிதாக இன்னொன்று போடும் யோசனையும் பரிசீலனையில் இருந்தது. 2022 ஆகஸ்டில் இறுதி செய்த திட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு திசையிலும் கால்ட்ரெயின் 6, அதிவேக ரயில் 4 என்பது கணக்கு. ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதமாகும். அந்தப் பகுதியைக் கைவிட்டது தவறு என்றே எனக்குப் படுகிறது.

அதைவிடப் பெரிய கவலை ரயில்வே கேட்டுகள். நான்கு பாதைத் திட்டத்தில் கேட்டே இருந்திருக்காது. கலப்புத் திட்டத்தில் சுமார் 40 கேட்டுகள் அப்படியே தங்கிவிட்டன. வேக உச்சவரம்பை மணிக்கு 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர் என்று வைத்தது தற்செயலாக அல்ல. அதைத் தாண்டினால் அமெரிக்க விதிகள் வழக்கமான கேட்டுகளோடு விடுவதில்லை. 125 மைலுக்கு மேல் கேட்டே கூடாது. நான்கு புறமும் மூடும் கேட்டுகளும் வேலியும் போடுவதாக 2022 திட்டம் சொல்கிறது. ஆனால் இரு திசையிலும் சேர்த்து மணிக்கு 20 ரயில் என்றால் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் ஆம்புலன்சும் கடக்கும் சாலைகள் அவை. சான் மட்டேயோ 2021இல் ஒரு பகுதியில் தண்டவாளத்தை உயர்த்திச் சாலைகளைக் கீழே விட்டது. முடியும் என்று காட்டியது.

அதிவேக ரயில் இன்னும் மத்தியப் பள்ளத்தாக்கில் தூண்களாகத்தான் நிற்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ நகர நடுவில் 2018இல் திறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் பேருந்து முனையத்தின் அடியில் ரயிலுக்காகக் கட்டிய நிலத்தடிக் கூடம் காலியாக இருக்கிறது. ஆனால் அந்த ரயிலின் பணத்தில் 60 கோடி டாலர் போட்டு மின்மயமான பாதையில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலின் பயண நேரம் 100 நிமிடத்திலிருந்து 75 ஆகக் குறைந்திருக்கிறது. விரைவு ரயில் ஒரு மணி நேரத்துக்குள் போகிறது. வார இறுதியில் அரை மணி நேரத்துக்கு ஒரு ரயில். சன்னிவேலிலும் மவுண்டன் வியூவிலும் ஏறும் நம்மவர்கள் உட்பட எல்லோருக்கும் அந்தப் பலன் இன்றே கிடைக்கிறது. தினமும் ஓடும் ரயிலை முதலில் சரிசெய் என்ற அந்த மூவரின் முடிவு சரியானது. அடுத்த பணம் வரும்போது, முதல் அதிவேக ரயில் அந்தப் பாதையில் கால் வைக்கும் முன்பே, கேட்டுகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.