பொறுப்பாளர் உரிமையாளர் ஆகமாட்டார்



பாகப்பிரிவினை நடக்கும் சில வீடுகளில் இந்த அவலத்தை நாம் காண்கிறோம். சித்தம் சரியில்லாத தம்பியையோ, நினைவு தடுமாறிய தாயையோ அழைத்து வந்து பத்திரத்தில் கைநாட்டு வாங்கி விடுகிறார்கள். கேட்டால், “அவனுக்கு எதற்குச் சொத்து? நாம்தானே சோறு போடுகிறோம்” என்கிறார்கள். இந்தப் பதிலை மார்க்கச் சட்டத்தின் வரலாறு ஏற்கிறதா? சற்றுச் சிந்திப்போம்.

ஒருவரைத் தம் பொருளைக் கையாள்வதிலிருந்து தடுத்து வைப்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் ‘ஹஜ்ரு’ என்று பெயர். இதற்கு அடிப்படை திருக்குர்ஆனின் 4:5 வசனம். விவரமற்றவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று தடுக்கும் அதே வசனம், அச்செல்வத்தைக் கொண்டு அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்குமாறும், கனிவாகப் பேசுமாறும் கட்டளையிடுகிறது. முதலைக் கரைத்துவிடாமல் வியாபாரத்தில் ஈடுபடுத்தி, அதன் ஆதாயத்திலிருந்து அவர்களுக்குச் செலவிட வேண்டும் என்ற நுட்பத்தை விரிவுரையாளர் ஸமக்ஷரீ இவ்வசனத்தின் சொல்லமைப்பிலிருந்தே எடுத்துக்காட்டினார். கடன் பத்திரம் பற்றிய 2:282 வசனமோ, தாமே வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய வலீ நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற தோழர் கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்து வந்தார். அவரைத் தடுத்து வைக்குமாறு குடும்பத்தாரே வந்து முறையிட்டனர். நபியவர்கள் அவரை அழைத்து, வியாபாரத்தை விட்டுவிடும்படி கூறினார்கள். தம்மால் அது முடியாது என்றார் அவர். அப்போது நபியவர்கள் அவரை வற்புறுத்தவில்லை. ஏமாற்றுதல் கூடாது என்ற நிபந்தனையைச் சொல்லிக்கொண்டு வியாபாரம் செய்ய வழிகாட்டினார்கள். பொருளை மூன்று நாட்களுக்குள் திருப்பிவிடும் உரிமையும் அவருக்குத் தரப்பட்டதாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. அவருடைய கையைக் கட்டாமல், கைக்கு ஒரு துணை கொடுக்கப்பட்டது!

பின்னர் இமாம்களிடையே இது பெரும் விவாதமாயிற்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ், மறைவு ஹிஜ்ரி 150), புத்தி உள்ள பருவமடைந்த மனிதரை, வீண் செலவாளி என்பதற்காக மட்டும் தடுத்து வைப்பதை ஏற்கவில்லை. விவரமின்றிப் பருவமடைந்தவரின் பொருளை அவர் 25 வயது அடையும்வரை கொடுக்காமல் வைத்திருக்கலாம். அதற்குமேல் கூடாது என்றார்கள். ஒருவரின் சுய அதிகாரத்தைப் பறிப்பது அவருடைய மனிதத் தன்மையையே வீணாக்குவதாகும். பொருள் நஷ்டத்தைவிட அது பெரிய நஷ்டம் என்று இதற்கான காரணத்தை நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’ விளக்குகிறது. அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் (ரஹ்) முஹம்மதும் (ரஹ்), அம்மனிதரின் நலனுக்காகவே தடுத்து வைக்கலாம் என்றனர். ஆனால் அதற்குக் காழியின் தீர்ப்பு அவசியம் என்பது அபூயூசுஃபின் நிலை.

இவ்விருவரின் கருத்தையே உஸ்மானிய அரசு ஏற்றது. அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டம், சித்தம் இழந்தவரையும் அறிவு குறைந்தவரையும் வெவ்வேறாகப் பிரித்தது. ‘மஃதூஹ்’ எனப்படும் அறிவு குறைந்தவர் தமக்கு முழு நன்மையான அன்பளிப்பை ஏற்றால் அது செல்லும். தமக்கு முழு இழப்பான காரியத்தைச் செய்தால், தம் பொருளைத் தானமாகக் கொடுத்தால், வலீ அனுமதித்தாலும் அது செல்லாது! லாபத்திற்கும் நஷ்டத்திற்கும் இடமுள்ள வியாபாரமோ வலீயின் சம்மதத்தைப் பொறுத்தது. விட்டுவிட்டுத் தெளிவு வரும் நோயாளி, தெளிந்த வேளையில் செய்யும் ஒப்பந்தமும் செல்லும்.

இப்போது அந்தக் கைநாட்டை எண்ணிப் பாருங்கள். சித்தக் குறைபாடு வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களில் ஒன்றல்ல. எனவே தம்பியின் பங்கு தம்பிக்கே. அதை அவர் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய பத்திரம் மார்க்கத்தின் பார்வையில் வெறும் காகிதம்.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில்தான் வந்துள்ளது. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உடையோருக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு காப்பாளரை நியமிக்கிறது. அவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும், இருவரும் கலந்து முடிவெடுக்கும் ‘வரையறுக்கப்பட்ட காப்பாண்மை’யைக் கொண்டு வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சொத்து நிர்வாகியை நியமிக்கும் பிரிவு இல்லை. ஆகவே நினைவிழந்த பெற்றோருக்காகக் குடும்பத்தார் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டி வருகிறது. அலைச்சல்தான், ஆயினும் கைநாட்டைவிட அதுவே நேரான வழி.

சகோதரர்களே! இன்றே ஒரு தனி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அவருடைய வாடகை, ஓய்வூதியம், மருத்துவச் செலவு அனைத்தையும் எழுதி, ஜமாஅத்தில் நம்பகமான இருவரிடம் காட்டுங்கள். அநாதையின் பொருளைக் காக்கும் வசதியுள்ளவர் அதிலிருந்து எதுவும் எடுக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ஏழையானவர் நியாயமான அளவே எடுக்கலாம் என்ற 4:6 வசனத்தின் நெறி நமக்கும் அளவுகோலாகட்டும். கேட்கத் தெரியாதவரின் கணக்கை, கேட்பவன் அல்லாஹ்.

அமானிதத்தைப் பேணுவோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.