கருவிடைக் காப்பும் கன்மமும்

மக்கட் பிறப்பின் அருமையைக் கூறப் புகுந்த சைவப் பெருநூல்கள், அப்பிறப்பின் தொடக்கமாகிய கருவின் இயல்பினையும் உடனெடுத்து ஆராய்கின்றன. திருமந்திரத்து இரண்டாந் தந்திரம் கர்ப்பக்கிரியை எனத் தனிப்பகுதியே வகுத்துள்ளது. திருவாசகத்துப் போற்றித் திருவகவலோ, கருவிலுள்ள உயிர் திங்கள்தோறும் தப்பி வரும் இடர்களை நிரல்பட எண்ணி, பத்தாந் திங்களில் தாயும் சேயும் ஒருங்கு படும் துயரினைச் சுட்டுகின்றது. கருப்பை இடரணுகா அரணன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, சிவஞானசித்தியார், பேறு முதலாகச் சாக்காடு ஈறாகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று கூறும். இதனைக் கேட்டார் சிலர், பிறவிக் குருடும் செவிடும் முன்னை வினைப்பயனாதலின், அவற்றைத் தடுக்க முயல்வது வீண் என்பர். இக்கூற்றின் வலியினை ஆராய்தற்கு இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாறு ஒன்று துணைபுரியும்.

1940-இல் ஆத்திரேலிய நாட்டில், ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லா நோய் பெருவாரியாகப் பரவிற்று. வளர்ந்தார்க்கு அது பெரும்பாலும் காய்ச்சலும் தடிப்புங் காட்டிச் சின்னாளில் நீங்கும் எளிய நோய். 1941-இல் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பார், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்தின் மிக்கு வருதலைக் கண்டார். பிறவிக் குறைகள் மரபுவழி வருவன என்பதே அந்நாளைய மருத்துவர் பெரும்பாலோர் கொள்கை. கிரெக் அவ்வளவில் அமையாது தாய்மாரை வினவினார். அவர் திரட்டிய 78 குழந்தைகளுள் 68 பேர்தம் அன்னையர் கருவுற்ற காலத்தே அவ்வம்மை கண்டவராயிருந்தனர். குழந்தைகள் பலர்க்கு இதயக் குறையும் உடனிருந்தது.

இம்முடிபினை அறிஞர் யாவரும் உடனே ஏற்றிலர். எனினும் 1943-இல் சார்லஸ் சுவான் முதலியோர் தென் ஆத்திரேலியாவில் ஆராய்ந்து இதனை வலியுறுத்தியதோடு, செவிட்டுத் தன்மையும் இந்நோயால் விளைவதைக் காட்டினர். கருவின் கண்ணும் இதயமும் உட்செவியும் உருப்பெறுவது முதல் மூன்று திங்களிலாம். அப்பொழுது தாயின் குருதியிலுள்ள நோய்க்கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று, உருவாகும் உறுப்புக்களைச் சிதைக்கின்றது. தாய்க்குச் சிறுநோய், சேய்க்கோ வாழ்நாள் முழுதுங் குறை.

1962-இல் அக்கிருமி பிரித்தறியப்பட்டது. 1964, 1965 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பரவிய இந்நோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறைகளோடு பிறந்தன. 1969-இல் தடுப்பூசி ஆங்கு வழக்கிற்கு வந்தது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில், 9 மாதம் நிறைந்தார் முதல் 15 வயதிற்குட்பட்டார்க்குத் தட்டம்மை ருபெல்லாத் தடுப்பூசி பேரியக்கமாகத் தொடங்கிற்று. பிறவாத மகவைக் காக்கும் வேலி, அதன் தாய் சிறுமியாயிருக்கும் பொழுதே இடப்படுகின்றது.

இவ்வரலாறு கொண்டு, இக்கால மருத்துவம் முழுதும் திருவாசகத்தே உளது எனல் பொருந்தாது. அகவல் இடர்களை எண்ணியது, அவற்றைத் தப்பி வந்த உயிர் இறைவனை மறவாதிருத்தற் பொருட்டு. நோயின் காரணம் ஆராய்தல் அதன் நோக்கமன்று. எனினும் தாயின் துயரும் சேயின் துயரும் பிரிக்கலாகாதன என அது கண்ட உண்மை, கிரெக் தாய்மாரிடம் கேட்டறிந்த செய்தியோடு முரணுவதன்று.

வினை பற்றிய ஐயமும் இதனால் நீங்கும். கருவிலமைந்த ஆறிற்கும் முன்செய்த கன்மமே ஏது எனக் கூறிய சித்தியார், அவ்விடத்தேயே, இனிச் செய்யும் கன்மம் மேல்வரும் உடலைச் சாரும் எனவும் தெளிவிக்கின்றது. முன்னதை மட்டுங் கொண்டு பின்னதை விடுதல் நூற்கருத்தன்று. குருடாய்ப் பிறந்த மகவின் வினையளவினை அளந்தறிவார் யாருமிலர். தடுக்கக்கூடிய நோயைத் தடுத்தலும், தடுக்காது வாளாவிருத்தலுமோ, இன்று வாழ்வார் தாமே ஈட்டும் வினைகள். ஆதலின் கருவுற்றாளையும் அவள் வயிற்று உயிரையும் பேணாமைக்கு முன்னை வினையைச் சாக்காக்குதல் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று என்க.