ஹச்சிகோ: அஞ்சு தடவை வீடு மாறின நாய்

இந்த எபிசோடு நான் பிளான் பண்ணினது இல்ல. போன மாசம் வேளச்சேரி வீட்டைக் காலி பண்ணிட்டு மேடவாக்கம் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட்டுக்கு வந்தோம். எங்க ப்ரௌனிக்கு ஏழு வயசு, நாட்டு நாய். வந்த ரெண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை மோந்துகூட பார்க்கல. ராத்திரி முழுக்க கதவைப் பிறாண்டறது, ஊளை. மூணாவது நாளே அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்ல மெசேஜ் வந்துருச்சு. "பேசாம திண்டிவனத்துல பெரியப்பா தோட்டத்துல விட்டுடலாம்டா, ஒரு வாரத்துல பழகிடும்"னு அம்மா சொன்னாங்க. அந்த "பழகிடும்" எனக்கு உறுத்திச்சு. அன்னிக்குத் தூக்கம் வராம தேடித் தேடிப் படிச்சதுதான் இந்தக் கதை.

ஹச்சிகோவை உங்களுக்குத் தெரியும். செத்துப்போன எஜமானுக்காக டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா காத்திருந்த நாய். ரிச்சர்ட் கியர் நடிச்ச 2009 படத்தைப் பார்த்து நானும் அழுதிருக்கேன். ஆனா ஒரு கேள்வி இருக்கு. எஜமான் போனதுக்கு அப்புறம் அந்த நாய் எங்க தங்குச்சு?

முதல்ல இருந்து வருவோம். 1923 நவம்பர்ல ஜப்பானின் வடக்கே ஓடாதே ஊர்ப் பக்கம் பிறந்த அகிதா இனக் குட்டி அது. ரெண்டு மாசக் குட்டியா இருக்கும்போதே ரயில்ல ஏத்தி டோக்கியோவுக்கு அனுப்பினாங்க. ஏறக்குறைய 20 மணி நேரப் பயணம். அது போய்ச் சேர்ந்த டோக்கியோ, நாலு மாசம் முன்னாடிதான் பெரிய பூகம்பத்துல சிதைஞ்ச ஊர். குட்டியை வரவழைச்சவர் ஹிதேசாபுரோ உவேனோ, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொறியியல் பேராசிரியர். (நம்ம ஆளு, இன்ஜினியர்!) வந்த புதுசுல குட்டிக்கு வயிறு சரியில்லை. அவர் அதைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே படுக்க வெச்சுப் பார்த்துக்கிட்டதா சொல்றாங்க. வீட்டுல ஏற்கெனவே ஜான்னு ஒரு பெரிய நாய் இருந்தது. அதுவும் குட்டியை அண்ணன் மாதிரி பார்த்துக்கிச்சாம்.

அதாவது முதல் இடமாற்றம் நல்லாவே நடந்தது. கூடவே ஒரு மனுஷன், துணைக்கு ஒரு நாய், மாறாத ஒரு வழக்கம். அவ்வளவுதான் அதுக்குத் தேவைப்பட்டது.

1925 மே 21. உவேனோ வேலை செய்யற இடத்திலேயே மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்துட்டார். ஹச்சி அந்த வீட்டுல இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. மூணு நாள் அது எதையும் சாப்பிடலைன்னு பதிவுகள் சொல்லுது.

இங்கதான் கதையில யாயே வர்றாங்க. உவேனோவோட பல வருஷம் மனைவியா வாழ்ந்தவங்க. ஆனா கல்யாணம் சட்டப்படி பதிவாகலை. அதனால வீட்டு மேல உரிமை இல்லை, வெளியேற வேண்டியதாச்சு. நாய் வீட்டை இழந்தது ஒரு சாவால மட்டும் இல்லைங்க, பதிவாகாத ஒரு திருமணத்தாலயும்தான். எனக்கு இந்தக் கதையில ரொம்ப வலிச்ச இடம் இது.

யாயே ஹச்சியை நிஹோன்பாஷியில் துணிக்கடை வெச்சிருந்த சொந்தக்காரங்க கிட்ட விட்டாங்க. அது எல்லார்கிட்டயும் ஒட்டிக்கிற நாய். கடைக்கு வர்ற கஸ்டமர் மேலெல்லாம் தாவிச்சு. வியாபாரம் படுத்துடும்னு அசகுசாவுல இன்னொரு வீட்டுக்கு மாத்தினாங்க. ஷிபுயாவிலிருந்து அது சுமார் 10 கிலோமீட்டர். அங்கே நாயால அக்கம்பக்கத்தோட தகராறு. (அப்போ வாட்ஸாப் இல்லை, மத்தபடி எல்லாம் அதேதான்.) மறுபடி யாயேகிட்டயே திரும்பி வந்தது. இந்தத் தடவை பக்கத்து வயல்ல ஓடிப் பயிரை நாசம் பண்ணிடுச்சுன்னு புகார்.

ஒவ்வொரு தடவையும் "இந்த நாய் சரியில்லை"ங்கிற மாதிரிதான் முடிவு எடுத்திருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, ரெண்டே வருஷத்துல இத்தனை வீடு. ஒரு இடத்தோட வாசனை மூக்குல ஏர்றதுக்குள்ள அடுத்த இடம்.

1927 இலையுதிர் காலத்துல ஒருவழியா சரியான கை கிடைச்சது: கிகுசாபுரோ கொபயாஷி. உவேனோ வீட்டுத் தோட்டக்காரர். ஹச்சியைக் குட்டியிலிருந்தே தூக்கிக் கொஞ்சினவர். அவர் வீடு இருந்த தொமிகயா, ஷிபுயாவுக்கு நடை தூரம். தெரிஞ்ச ஆள், தெரிஞ்ச தெரு. இதுக்கு அப்புறம் ஹச்சி வேற வீட்டுக்குப் போகவே இல்லை.

ஸ்டேஷன்ல ஹச்சியை ஜனங்க அடிக்கடி பார்க்க ஆரம்பிச்சதும் இந்தச் சமயத்துலதான். போற வழியில பழைய வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டுதான் போகுமாம். ஸ்டேஷன்ல அடி வாங்கியிருக்கு, முகத்துல மையால மீசை வரைஞ்சு கேலி பண்ணியிருக்காங்க. 1932-ல அசாஹி பத்திரிகையில ஒரு செய்தி வந்த பிறகுதான் அது ஹீரோ. 1934-ல சிலை, திறப்பு விழாவுக்கு ஹச்சியே வந்திருந்தது. 1935 மார்ச் 8 அன்னிக்கு ஷிபுயாவில் ஒரு தெருவோரம் செத்துக் கிடந்தது. வயித்துல கோழிக்கறி கோர்க்கிற குச்சிகள் இருந்ததாம். "அது எஜமானுக்காக வரல, யாகிதோரிக்காகத்தான் வந்துச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. ரெண்டுக்காகவும் வந்திருக்கலாமே, நாய்தானே!

யாயே 1961-ல இறந்தாங்க. அவங்க அஸ்தி உவேனோவோட கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது 2016-ல.

நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன். ப்ரௌனியைத் திண்டிவனம் அனுப்பல. அதோட பழைய பெட்ஷீட்டைத் துவைக்காம அப்படியே விரிச்சேன். சாப்பாடு, வாக்கிங் எல்லாம் வேளச்சேரி டைமிங்தான். கயிறு இல்லாம வாசல் தாண்ட விடறதில்ல. அங்க தினமும் பிஸ்கட் போடற வாட்ச்மேன் அண்ணன் ஞாயித்துக்கிழமை வந்து ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தார். அன்னிக்கு ராத்திரி ஒரு தட்டு தயிர் சாதம் காலி. ஆறரை மணி ஆனா இப்பவும் லிப்ட் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது. அப்பா ஆபீஸ்ல இருந்து வர்ற நேரம் அது. அவர் இப்போ ஏழரைக்குத்தான் வர்றார்.