ஒரு புழு சொல்லிக்கொடுத்த ரம்பம்

விறகு அறுக்க செயின்சா வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை சிசி?' என்றுதான். வரலாறு கைகாட்டுவதோ சங்கிலியை.

1929-லேயே ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அந்தக் காலச் சங்கிலியின் பற்கள் கைரம்பம் மாதிரியே மரத்தைச் சுரண்டின. அடிக்கடி அரம் போட்டாக வேண்டும்.

1946, அமெரிக்காவின் ஓரிகன். மரம் வெட்டும் தொழில் தெரிந்த ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ், ஒரு வண்டுப் புழு கட்டையைக் குடைவதைக் கவனித்தார். நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் செதுக்கிக்கொண்டே போனது. அதையே அவர் இரும்பில் செய்தார்: இடம், வலம் என மாறி மாறி வளைந்த பற்கள். 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் சங்கிலிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான்.

ஆகவே கடையில் கேளுங்கள்: மாற்றுச் சங்கிலி எப்பவும் கிடைக்குமா? அதற்கேற்ற உருண்டை அரம் இருக்கா? செயின் பிரேக் இருக்கா?

அறுக்கும்போது செதிலாக விழுந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது. மாவாக விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கியதை அழுத்தி அறுத்தால் ரம்பம் துள்ளும் ஆபத்து கூடும். அப்போது எத்தனை சிசி இருந்தும் பயனில்லை.