தோளில் வேதாளம், கையில் வாள்... அந்தப் படத்தை வரைந்த 'சங்கர்' யார்?

நள்ளிரவுச் சுடுகாடு. ராஜாவின் தோளில் ஒரு பிணம், கையில் உருவிய வாள். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களிடம் கேட்டால், இந்தப் படம் சட்டென ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆனா வரைந்தது யாருன்னு கேட்டால் பலருக்கும் தெரியாது. வரைந்தவர் ஓவியர் சங்கர். 2021 பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

யார் இவர்?

முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். 1924 ஜூலை 19-ம் தேதி, கொங்கு மண்டலத்தில் உள்ள காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தார். 10 வயதில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். பள்ளியில் இவரது கைத்திறனைக் கவனித்த ஓவிய ஆசிரியர், 'பி.ஏ., எம்.ஏ.ன்னு போகாதே, ஓவியம் படி' என்று வழிகாட்டினார்.

1941-ல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சவுத்ரிதான் அப்போது அங்கே முதல்வர். படிப்பு முடிந்ததும் 1946-ல் 'கலைமகள்' இதழில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 85 ரூபாய்.

அம்புலிமாமாவில் என்ன செய்தார்?

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய இதழ் அம்புலிமாமா. முதலில் தெலுங்கு, தமிழ். பிறகு இந்தி, கன்னடம், மராத்தி என்று ஒரு டஜன் மொழிகளுக்கு மேல் பரவியது. 1952-ல் இங்கே வந்த சங்கர், சுமார் 60 ஆண்டுகள் வரைந்தார்.

எல்லா மொழிப் பதிப்புக்கும் படம் ஒன்றுதான், எழுத்து மட்டும்தான் மாறும். அதனால் ஒடிசாவில் படிக்கிற குழந்தைக்கும், விழுப்புரத்தில் படிக்கிற குழந்தைக்கும் ஒரே விக்ரமாதித்தன்தான்.

25 கதை எப்படி நூற்றுக்கணக்கில் ஆனது?

வேதாளக் கதைகள் பழைய சமஸ்கிருதத் தொகுப்பிலிருந்து வந்தவை. மூலத்தில் மொத்தமே 25. அவை தீர்ந்த பிறகும் வேதாளம் முருங்கை மரத்தை விட்டு இறங்கவில்லை. வேறு கதைகளை எடுத்து, கடைசியில் ஒரு கேள்வி வைத்து, தொடரை ஓட்டிக்கொண்டே போனார்கள். 1952 முதல் 1980 வரை ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் தெலுங்கு எழுத்தாளர் குடும்பராவ். அவரும், தாசரி சுப்பிரமணியமும் எழுதிய பலவற்றில் அவர்கள் பெயரே இல்லை. படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து இருந்ததால், சங்கர் என்ற பெயராவது மிஞ்சியது.

சட்டம் என்ன சொல்கிறது?

சம்பளத்துக்கு வரைந்தால் எல்லா உரிமையும் முதலாளிக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பத்திரிகை ஊழியர் இதழுக்காகச் செய்த படைப்பை இதழில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மற்ற உரிமைகள் படைத்தவருக்கே. 57-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. காப்புரிமையை விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போகாது.

பிறகு என்ன ஆனது?

2007-ல் இதழ் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2013-ல் நின்றே போனது. சங்கர் மட்டும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ராமகிருஷ்ண மடத்தின் 'ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்' இதழுக்கு முதுமையிலும் வரைந்தார். 2020 செப்டம்பர் 29-ல், 96 வயதில் சென்னையில் காலமானார்.

இன்றைக்கு அவர் வரைந்த வேதாளம் வாட்ஸ்அப்பிலும் மீம்களிலும் சுற்றுகிறது. கார்னரை வெட்டிவிட்டுப் பகிரும்போது, 60 வருட உழைப்புக்கு மிஞ்சிய அந்த ஒரு கையெழுத்தும் போய்விடுகிறது. அடுத்த முறை ஃபார்வர்டு செய்யும்போது, 'ஓவியம்: சங்கர்' என்று சேர்த்து அனுப்பலாம்.