கதிர் பொறுக்கிய மருமகள்

எபிரேய மறைநூலிலே பெண்ணின் பெயரால் அமைந்த ஏடுகள் இரண்டு. ஒன்று எஸ்தர், மற்றது ரூத். எஸ்தர் அரசி. ரூத்தோ பிறர் வயலிலே கதிர் பொறுக்கிய ஏழைக் கைம்பெண். நான்கே அதிகாரங்கள் கொண்ட அவள் வரலாற்றை இன்று நோக்குவோம். சைவப் பெருந்தகை ஆறுமுகநாவலர் துணைநிற்கப் பேர்சிவல் பாதிரியார் ஆக்கிய விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறிற்று. ஆதலால் இக்கதை நமக்கும் அந்நியமானதன்று.

நியாயாதிபதிகள் காலத்திலே யூதாவிற் பஞ்சம் உண்டாயிற்று. பெத்லகேம் ஊரவனான எலிமெலேக்கு, மனைவி நகோமியோடும் இரு புதல்வரோடும் சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மோவாப் நாட்டிற் குடியேறினான். அவன் இறந்தபின் புதல்வர் மோவாபியப் பெண்களை மணந்தனர். பத்தாண்டளவில் அவர்களும் மாண்டனர். மூன்று கைம்பெண்களே எஞ்சினர்.

ஊர் திரும்பப் புறப்பட்ட நகோமி, மருமக்களைத் தாய்வீடு செல்லப் பணித்தாள். ஓர்பாள் அழுதவாறே திரும்பினாள். அதற்காக அவளை ஏடு குறைகூறவில்லை. ரூத் மட்டும் மாமியின் ஊரையும் இனத்தையும் இறைவனையும் தனதாக்கிக்கொண்டு உடன் நடந்தாள்.

அப்போது பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடைக் காலம். வயலோரத்தை முற்றாக வெட்டலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கூறும் சட்டம். கதிர் பொறுக்குதல் இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உரிமை. வயலுக்குடையவன் போவாஸ், நம் வழக்கிற் சொன்னால் ஒரு போடியார். கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடுமாறு அவன் வேலையாட்களைப் பணித்தான். பின்னர் உறவுமுறைக் கடனாக அக்குடும்பத்தின் காணியை மீட்டு ரூத்தையும் மணந்தான். அவர்கள் மகன் ஓபேத்து. அவன் மகன் ஈசாய். ஈசாயின் மகனே தாவீது மன்னன்.

மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை இறைசபையிற் சேரலாகாது என்கிறது உபாகமம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எஸ்றாவும் நெகேமியாவும் பிற இனத்தில் மணமுடித்தலைக் கடிந்தனர். அதற்கு மறுமொழியாகவே ரூத் ஏடு எழுந்ததென ஆய்வாளர் சிலர் கருதுவர். எக்காலத்து ஏடாயினும், விலக்கப்பட்ட இனத்துப் பெண்ணொருத்தியைப் பேரரசனின் பூட்டி என மறையாது உரைத்தமை அதன் பெருமை.

2006ஆம் ஆண்டுப் போரிலே ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், பின் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். அந்நியராய் வாழ்தல் யாதென நாம் அறிவோம். கணவரை இழந்தும் முதிய மாமியாரைத் தாங்கும் ரூத்துகள் நம்மிடையேயும் உளர். அவர்களுக்காக இரங்குகின்றோம், வயலோரத்தை விட்டுவைக்கின்றோமா?